பொழுது யார் கையில்?

கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்காள் மகன், வந்த நாள் முதல் கணினியை விட்டு அகலவில்லை. எட்டாம் வகுப்பு முடித்தவன். அவன் ஆடிக்கொண்டிருந்தது மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டு. கட்டங்கட்டமான மரங்கள், கட்டங்கட்டமான ஆடுமாடுகள், அவனே எழுப்பிய ஓர் ஊர், அந்த ஊரில் நீண்ட மூக்குடைய கிராமத்தார் சிலர். விடைத்தாள் திருத்தும் இடைவேளைகளில் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். இரண்டாம் நாள்தான் எனக்கு ஒன்று உறைத்தது. காலையில் பார்த்தாலும், இரவு உணவுக்குப் பின் பார்த்தாலும், அந்த ஊரில் கதிரவன் உச்சியிலேயே நின்றான்.

"ஏம்ப்பா, உன் ஊர்ல சாயங்காலமே வராதா?" என்றேன்.

"நான்தான் மாமா நிறுத்தி வெச்சிருக்கேன். ராத்திரி வந்தா ஸாம்பி வரும். வேலை ஓடாது."

ஒரு கட்டளை எழுதினானாம், நண்பகல் ஆயிற்றாம். இன்னொரு கட்டளை எழுதினானாம், பொழுது நகர்வது நின்றதாம். சொல்லிவிட்டு அவன் கூரை வேய்வதில் மூழ்கிவிட்டான். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவருபவன் நான். மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு என்று ஒரு நாளை ஆறாகப் பகுத்து, முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் பொழுதைக் கட்டிவைத்த மரபில் படித்தவன். பொழுதில்லாத நிலம் ஒன்றை என் வீட்டு மேசையிலேயே பார்த்தால் சும்மா இருக்க முடியுமா? மருமகனையே ஆசானாகக் கொண்டு, சில வாரங்கள் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். விளையாட்டு உலகில் நன்கு பழகிய வாசகர்கள், புதியவனின் வியப்பைப் பொறுத்தருள்க.

முதலில் ஒரு விளக்கம். 'திறந்த உலகம்' எனப்படும் விளையாட்டுகளில் ஆடுபவர் தம் விருப்பப்படி காடு மலை நகரெங்கும் திரியலாம். ஒரே அமர்வில் முடியாது என்பதால் நடந்தவரை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்வார்கள். அதற்குத்தான் சேமிப்பு என்று பெயர். வீரன் எங்கே நிற்கிறான், பையில் என்ன இருக்கிறது, எவ்வளவு உயிர் மிச்சம் என்பவற்றோடு, அந்த உலகில் அப்போது என்ன பொழுது என்பதும் அதில் ஓர் எண்ணாக எழுதப்படுகிறது. நாம் கணினியை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினாலும் அங்கே அதே மாலை அப்படியே காத்திருக்கும். இந்த ஓர் எண் யாருடையது, அதைத் தொடும் உரிமை யாருக்கு உண்டு என்பதில்தான் நாற்பது ஆண்டுக் கதை அடங்கியிருக்கிறது.

1984இல் இங்கிலாந்தில் மைக் சிங்கில்டன் என்பவர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு கணினிக்காக 'த லார்ட்ஸ் ஆஃப் மிட்நைட்' என்றொரு விளையாட்டை எழுதினார். வெறும் 48 கிலோபைட் நினைவகத்துக்குள் பனி மூடிய ஒரு நாட்டையே அடக்கிக் காட்டியவர். அதில் கடிகாரம் தானாக ஓடாது. தலைவர்கள் நடக்க நடக்கத்தான் பகல் கரையும். எல்லாரையும் நகர்த்தி முடித்தபின், இரவு வரட்டும் என்று ஆடுபவரே ஒரு விசையை அழுத்த வேண்டும். இரவு வந்ததும் பகைவனாகிய டூம்டார்க்கின் படைகள் நகரத் தொடங்கும். இரவை அழைக்கும் உரிமை நம்முடையது, ஆனால் இரவு பகைவனுடையது. தொடக்கத்திலேயே இவ்வளவு தெளிவான ஓர் உடன்படிக்கை இருந்திருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

மூன்றாண்டு கழித்து, 1987இல், ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட 'காசில்வேனியா' இரண்டாம் பாகத்தில் அந்த உரிமையும் இல்லை. பொழுது தானாகவே சாயும். சாய்ந்ததும் ஓர் அறிவிப்பு திரையை மறித்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வரும். ஊரில் கடைகள் அடைந்துவிடும், தெருவில் மனிதர்களுக்குப் பதில் பிணங்கள் நடக்கும், வெளியே பகைவரை வீழ்த்த இருமடங்கு அடி வேண்டும். மாளிகைகளுக்குள் மட்டும் கடிகாரம் நிற்கும். எத்தனை நாளில் முடித்தோம் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும். இதைச் சிறுவயதில் ஆடியவர்கள் அந்த அறிவிப்பை இன்றும் எரிச்சலோடு நினைவுகூர்கிறார்கள். இரவு என்றால் எரிச்சலும் சேர்ந்ததுதானே.

பொழுதைப் புரட்டிப்போடும் மந்திரம் அடுத்த ஆண்டே வந்தது. 1988 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான 'டிராகன் குவெஸ்ட்' மூன்றாம் பாகத்தில் நாட்டுவெளியில் நடந்தால் பொழுது கழியும், ஊருக்குள் நுழைந்தால் நின்றுவிடும், சத்திரத்தில் தங்கினால் விடியும். இவை போதாவென்று, பகலை இரவாக்கும் விளக்கு ஒன்றும், பகலையும் இரவையும் இடம் மாற்றும் 'ரனரூட்டா' என்னும் மந்திரம் ஒன்றும் உண்டு. இந்த விளையாட்டில் போர்ட்டோகா என்னும் துறைமுக ஊரில் சாபம் பெற்ற இணை ஒன்று வாழ்கிறது. அவர்களில் ஒருவர் பகலெல்லாம் குதிரை, மற்றவர் இரவெல்லாம் பூனை. ஒருவர் மனித வடிவில் இருக்கும்போது மற்றவர் விலங்கு. அவர்கள் முன்னே நின்று ரனரூட்டா சொல்லிப் பார்க்காத சிறுவன் ஜப்பானில் இருந்திருப்பான் என்று நான் நம்பவில்லை. பகல் இரவாகும், குதிரை மனிதராகும், மனிதர் பூனையாவார். சாபம் இட்ட பாரமோஸ் வீழ்ந்தால்தான் அவர்களுக்கு விடுதலை. பொழுதை மாற்றும் ஆற்றலை நம்மிடம் தந்துவிட்டு, அது உதவாத ஓரிடத்தையும் அதே விளையாட்டுக்குள் வைத்த அந்தக் கதாசிரியரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இன்னொரு செய்தி. அதற்கு முந்தைய இரு பாகங்களிலும் ஜப்பானியச் சிறுவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர நீண்ட கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாம் பாகத்தில்தான் கேட்ரிட்ஜுக்குள் சிறு மின்கலம் வைத்துச் சேமிக்கும் முறை வந்தது. அந்தச் சேமிப்புக்கு 'சாகசப் புத்தகம்' என்று பெயரிட்டிருந்தார்கள். சில வேளைகளில் அது அழிந்துபோகும். அழிந்ததை வருத்தத்தோடு அறிவிக்கும் திரையும் அதற்கென்றே அமைந்த அச்சமூட்டும் ஓசையும் ஒரு தலைமுறையின் நினைவில் தங்கிவிட்டன.

அதே 1988இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்ட்டிமா' ஐந்தாம் பாகம் வந்தது. இதில் ஊர்மக்களுக்கு நாள்முறை உண்டு. எழுவார்கள், தொழிலுக்குப் போவார்கள், உண்பார்கள், இரவில் படுக்கைக்குத் திரும்புவார்கள். அதுவரை பொழுது என்பது வானத்தின் நிறமும் பகைவனின் வலிமையும்தான். இங்கிருந்து அது ஊராரின் வாழ்க்கையாகவும் ஆயிற்று. பொழுதோடு விளையாடுவது அவர்கள் உறக்கத்தோடு விளையாடுவது என்ற நிலை பிறந்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். என் மருமகனின் ஊருக்கு இது தேவைப்படும்.

இதுவரை சொன்ன உலகங்கள் எல்லாம் நாம் அணைத்தால் உறைந்துவிடுபவை. உறைய மறுத்த உலகங்களும் வந்தன. 1999 நவம்பரில் ஜப்பானில் வெளியான 'போக்கிமான்' கோல்டு, சில்வர் கேட்ரிட்ஜ்களுக்குள் உண்மையான கடிகாரம் ஒன்று ஓடியது. நம் வீட்டில் இரவானால் அங்கும் இரவு. ஹூட்ஹூட் என்னும் ஆந்தை வேண்டுமானால் சிறுவன் இரவு வரை விழித்திருக்க வேண்டும். இதற்கு ஒரு விலை இருந்தது. கடிகாரத்தை ஓட்டுவதும் சேமிப்பைக் காப்பதும் ஒரே மின்கலம். ஓயாமல் ஓடிய கடிகாரம் அதை விரைவில் குடித்தது. மின்கலம் தீர்ந்தபோது கடிகாரத்தோடு சேமிப்பும் போயிற்று. பரணில் இருந்து பழைய கேட்ரிட்ஜை எடுத்துத் தட்டியவர்கள் பலர், தாம் வளர்த்த உயிர்கள் ஒன்றும் இல்லாமல் தொடக்கத் திரையையே கண்டார்கள். நேரம் உண்மையாக ஓடும் உலகில் இழப்பும் உண்மையாகவே நேர்ந்தது.

2001இல் வந்த 'அனிமல் கிராஸிங்' இந்த வழியில் இன்னும் தொலைவு சென்றது. நாம் ஒரு மாதம் எட்டிப்பார்க்காவிட்டால் ஊரில் களை மண்டும், அண்டைவீட்டு விலங்கு ஒன்று குடிபெயர்ந்து போயிருக்கும். ஆடுபவர்கள் சும்மா இருப்பார்களா? கருவியின் கடிகாரத்தையே முன்னும் பின்னும் திருப்பினார்கள். ஆக்கியவர்களும் இதை எதிர்பார்த்திருந்தார்கள். அங்கே கிழங்கு வணிகம் ஒன்று உண்டு. ஞாயிறன்று வாங்கி அந்த வாரத்துக்குள் விற்க வேண்டும். விலை பார்த்து நாளைப் பின்னோக்கித் திருப்பினால் வாங்கிய கிழங்கெல்லாம் அழுகிவிடும். சேமிக்காமல் கருவியை அணைத்து மீண்டும் தொடங்கினால், நிலத்தைப் பிளந்துகொண்டு ரெசெட்டி என்னும் அகழெலி வந்து நெடுநேரம் வசைபாடும். (எங்கள் கல்லூரி விடுதிக் காப்பாளர் ஒருவர் என் நினைவுக்கு வந்தார்.)

கருவியின் கடிகாரத்தைத் திருப்புவது எவ்வளவு தொலைவு போகலாம் என்பதற்கு 2004இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட்' மூன்றாம் பாகம் ஒரு சான்று. அது திறந்த உலகம் அன்று. ஆனாலும் விட்டுவிட மனமில்லை. காட்டில் மறைந்திருந்து சுடும் முதியவர் ஒருவரோடு நெடிய போர். போரின் நடுவே சேமித்துவிட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், முதியவர் மூப்பினால் இறந்துகிடப்பார். ஒரு வாரம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் கடிகாரத்தை ஒரு வாரம் தள்ளிவைத்து அவரைக் கொன்றார்கள். துப்பாக்கியே எடுக்காமல், நாள்காட்டியால்.

காத்திருத்தல் என்றவுடன் 'ஷென்மூ'வைச் சொல்லியாக வேண்டும். 1999 டிசம்பரில் யூ சுசுகி ஆக்கியது. களம் ஜப்பானின் யோகோசுகா, காலம் 1986. மாலையில்தான் திறக்கும் மதுக்கடைக்குக் காலையில் போனால், மாலைவரை தெருவில் திரிய வேண்டியதுதான். இரவில் வீடு திரும்பிப் படுக்கவும் வேண்டும். பலர் சலித்துக்கொண்டார்கள். 2001இல் வந்த இரண்டாம் பாகத்தில், காத்திருக்க வேண்டிய இடங்களில் குறித்த நேரத்துக்குத் தாவிவிடும் வசதி வந்தது. வசதிதான். ஆயினும் முதல் பாகத்தை விரும்பியவர்கள் இன்றும் பேசுவது அந்த வெட்டிப்பொழுதைப் பற்றித்தான்.

அதே ஆண்டில் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' மூன்றாம் பாகம் வேறொரு கணக்கு வைத்தது. அங்கே நமது ஒரு நொடி ஒரு நிமிடம்; ஆக, 24 நிமிடத்தில் ஒரு நாள். மறைவிடத்துக்குப் போய்ச் சேமித்தால் கடிகாரம் ஆறு மணி நேரம் முன்னே தாவும். சேமிப்பதே உறங்குவது. இரவில் செய்ய வேண்டிய வேலை இருந்தால், வேறு காரணம் ஏதுமின்றியே சேமித்துச் சேமித்துப் பொழுதைத் தள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை நெடுநாள் பிடித்து வைத்தது 'மஜோராஸ் மாஸ்க்'. 'செல்டா' வரிசையில் 2000 ஏப்ரலில் வெளியானது. இயக்கியவர்கள் எய்ஜி அவோனுமாவும் யோஷியாகி கொய்சுமியும். இதற்கு முன் 1998இல் வந்த 'ஒக்கரினா ஆஃப் டைம்' விளையாட்டிலேயே குழலில் ஒரு பண்ணை இசைத்தால் பகல் இரவாகும், இரவு பகலாகும். அங்கே அது ஒரு வசதி. இங்கோ நிலவு ஊரின்மேல் விழப்போகிறது. எஞ்சியிருப்பது மூன்றே நாள். உலகின் 72 மணி நேரம் நமக்கு ஏறத்தாழ 54 நிமிடம். அதற்குள் முடியாது, எவராலும் முடியாது. ஆகவே காலத்தின் பாடலை இசைத்து முதல் நாளின் விடியலுக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போதுதான் விளையாட்டு சேமிக்கப்படும்.

அங்கேதான் கத்தி இருக்கிறது. திரும்பினால் முகமூடிகளும் முதன்மையான கருவிகளும் நம்மோடு வரும். அம்பு, வெடி, கையிலுள்ள காசு எல்லாம் போய்விடும். (வங்கியில் போட்ட காசு மட்டும் அப்படியே இருக்கும். உலகம் அழிந்து திரும்பினாலும் வங்கிக் கணக்கு அழியாது போலும்!) நாம் செய்த நன்மைகளும் போய்விடும். அஞ்சு என்றொரு பெண் சத்திரம் நடத்துகிறாள். அவளுக்கு உறுதியான மணமகன் காஃபேய் காணாமல் போயிருக்கிறான். மூன்று நாளும் குறித்த நேரங்களில் குறித்த இடங்களில் நின்று, கடிதம் சேர்த்து, களவுபோன முகமூடியை மீட்டால், நிலவு விழச் சிறிது நேரமே இருக்கும்போது அவன் அவளிடம் வந்து சேர்வான். அவர்கள் இணைவதைக் கண்டபின் நாம் பாடலை இசைக்கிறோம். முதல் நாள் விடிகிறது. அஞ்சு மறுபடியும் ஒன்றும் அறியாமல் கவலையோடு சத்திரத்தில் நிற்கிறாள். நம் கையிலுள்ள குறிப்பேட்டில் மட்டும் அது நடந்ததற்கான அடையாளம் இருக்கிறது.

பொழுதைத் திருப்பும் ஆற்றலுக்கு இவ்வளவு கடுமையான விலையை வேறெந்த விளையாட்டிலும் நான் காணவில்லை. அந்த விலை படிப்படியாகக் குறைந்த வரலாறும் இதே விளையாட்டில் கிடைக்கிறது. முதலில் வந்த ஜப்பானியப் பதிப்பில் பாடலை இசைத்தால்தான் சேமிக்க முடியும். இடையில் எழுந்துபோக வழியில்லை. அதே ஆண்டில் வெளிநாடுகளுக்குச் சென்ற பதிப்பில் ஆந்தைச் சிலைகளின் முன் இடைக்காலச் சேமிப்பு அனுமதிக்கப்பட்டது. ஆனால் திரும்ப வந்து திறந்தவுடன் அது அழிக்கப்படும். அதாவது ஓய்வுக்கு இடமுண்டு, மாற்றி ஆடிப் பார்க்க இடமில்லை. 2015இல் 3டிஎஸ் கருவிக்காக மறுவாக்கம் செய்தபோது அந்தச் சேமிப்பு நிலையானதாயிற்று. முன்பு அடுத்த அந்திக்கோ விடியலுக்கோ மட்டும் தள்ளிய பாடல், இப்போது வேண்டிய மணிக்கே கொண்டுபோய் விட்டது. அலுவலுக்கும் குழந்தைகளுக்கும் இடையில் ஆடுகிற இன்றைய மனிதருக்கு இது நியாயந்தான். பழைய பதிப்பில் நெஞ்சு படபடக்க மணி பார்த்தவர்களின் மனக்குறையும் நியாயந்தான். என்னைக் கேட்டால், நடுப்பதிப்பின் பக்கமே நிற்பேன்.

விளையாட்டுக்குள் பாடலாகவும் மந்திரமாகவும் இருந்த ஆற்றல், இதற்கிடையே வெளியிலிருந்தும் கிடைக்கத் தொடங்கியிருந்தது. 2002இல் வந்த 'மாரோவிண்ட்' விளையாட்டின் கணினிப் பதிப்பில் கட்டளை எழுதும் பெட்டி ஒன்று திறக்கும். அந்த உலகின் நேரம் நம் நேரத்தைப்போல் முப்பது மடங்கு விரைவு. பெட்டியில் ஒரு வரி எழுதினால் முப்பதை ஒன்றாக்கலாம். மணியையே வேண்டியபடி மாற்றலாம். மாற்றிய எண் சேமிப்போடு எழுதப்பட்டு, அடுத்த முறை திறக்கும்போதும் தொடரும். இங்கே கிழங்கு அழுகாது, அகழெலி வராது. விலையே இல்லாத முதல் பொழுது இதுதானோ என்று தோன்றுகிறது.

மைன்கிராஃப்ட் 2009இல் பொதுமக்களிடம் வந்தது. அதில் இரவு சேர்ந்தபோது அது அஞ்சத்தக்கதாகவே இருந்தது. இருபது நிமிடத்தில் ஒரு நாள். நொடிக்கு இருபது துடிப்பாக, 24,000 துடிப்புகள். 2011 பிப்ரவரியில் படுக்கை வந்தது. இரவில் அதில் படுத்தால் விடியும். 2013இல், பொழுது நகர்வதையே நிறுத்தும் விதி வந்தது. என் மருமகன் கைக்கொண்டது அதைத்தான். அந்தச் சேமிப்பின் அமைப்பில் என்னைக் கவர்ந்த ஒரு நுட்பம் உண்டு. நெடுங்காலமாக அதன் தலைக்கோப்பில் நேரத்துக்கு இரண்டு எண்கள் எழுதப்பட்டு வந்தன. ஒன்று வானத்தின் பொழுது, கட்டளைக்குப் பணியும். மற்றது அந்த உலகம் பிறந்தது முதல் கழிந்த மொத்தத் துடிப்புகள். பொழுதை மாற்றும் கட்டளை அதைத் தொடாது. வானத்தில் கதிரவன் அசையாமல் நின்றாலும் அது ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்த ஊர்க் கிராமத்தாருக்கு 2019 முதல் நாள்முறை உண்டு, அல்ட்டிமாவின் ஊர்மக்களைப் போல. காலையில் தொழில், பிற்பகலில் மணிக்கூண்டருகே கூடிப் பேச்சு, இரவில் படுக்கை. அது முழுவதும் முதல் எண்ணைப் பார்த்தே நடப்பது. முதல் எண் நண்பகலில் நின்றால் அவர்களுக்கு என்றும் தொழில் நேரம்தான். கூடிப் பேசும் நேரம் வராது. உறங்கும் நேரம் வராது. ஜாவா பதிப்பில் ஊரைக் காக்கும் இரும்பு மனிதன் புதிதாகத் தோன்ற வேண்டுமானாலும், கிராமத்தார் கடந்த ஒரு நாள் அளவுக்குள் உறங்கியிருக்க வேண்டும். அந்தக் கணக்கோ இரண்டாம் எண்ணைப் பார்ப்பது. அது நிற்கவே இல்லையே!

இதை நான் சொன்னபோது மருமகன் முதலில் நம்பவில்லை. பிறகு மொத்தத் துடிப்பைக் கேட்கும் கட்டளையை எழுதினான். 24,000 ஆல் வகுத்தோம். அறுபத்திரண்டு நாளும் சிறிது மிச்சமும் வந்தது.

"அறுபத்திரெண்டு நாளாவா தூங்கல?" என்றான்.

விதியை நீக்கினான். கதிரவன் மெல்லச் சாய்ந்தான். கொல்லன், உழவன், நூலகத்தான் எல்லாரும் தொழிலிடத்தை விட்டு மணிக்கூண்டருகே வந்து நின்றார்கள். அந்தியில் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனார்கள். ஏழு பேர் படுத்தார்கள். இருவர் மட்டும் கதவருகே இங்கும் அங்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு அப்பாலிருந்து படகில் அவன் கூட்டிவந்தவர்களாம். அவர்களுக்குப் படுக்கை போடவே இல்லை.

"இருங்க மாமா," என்று சொல்லிவிட்டு, இருட்டில் பந்தத்தோடு ஆட்டைத் தேடிப் போனான், கம்பளிக்காக.